முறுக்குக் கடைக்குள் ஒரு சூதாட்டக் கடை

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. "தம்பி, நம் கடைப் பக்கத்தைத் தொட்டால் சூதாட்டம் திறக்கிறதாம். கோயிலில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நான் எங்கே போய் முகத்தைக் காட்டுவேன்?" என்று தொலைபேசியில் அழாத குறையாகக் கேட்டார் அக்கா.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முறுக்கும் அச்சு முறுக்கும் நெய்யுருண்டையும் செய்து விற்பவர். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட பிள்ளைகள் இணையத்தில் ஆர்டர் கொடுப்பார்கள். டின்கள் கூரியரில் போகும். அந்தப் பக்கத்தைக் கட்டிக் கொடுத்தவன் நான். என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். முறுக்குதான் தெரிந்தது. "அவர்கள் கைப்பேசியில் ஏதாவது வைரஸ் இருக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அவருடைய மகளின் கைப்பேசியை வாங்கினேன். வைஃபையை அணைத்துவிட்டு, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த இணைப்பைத் தொட்டேன். முறுக்குப் படம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் திரை பச்சையாகி, சுழலும் சக்கரங்களும் ரிங்கிட் கணக்கும் வந்து நின்றன. பின்னால் போய் மறுபடி தொட்டால் வெறும் முறுக்கு. ஒரு கைப்பேசிக்கு ஒரு முறைதான் காட்டும் போலிருக்கிறது. அதனால்தான் புகார் சொன்னவர்களை யாரும் நம்பவில்லை.

கைப்பேசியைக் கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, எந்தக் கோப்பு எங்கிருந்து இறங்குகிறது என்று காட்டும் குரோம் உலாவியின் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்பு வந்துபோனதை நினைவில் வைக்காத மறைநிலைச் சாளரத்தில் மீண்டும் தொட்டேன். பக்கம் வந்தது, படங்கள் வந்தன, நான் கூப்பிட்ட பேச்சுப் பெட்டியின் ஸ்கிரிப்ட், அதாவது உலாவிக்குள் ஓடும் நிரல், வந்தது. அதன் பிறகு நான் கூப்பிடாத பதின்மூன்று கோப்புகள் வந்தன. என் நிரலில் எங்கே தேடினாலும் அந்தப் பெயர்கள் இல்லை. யார் அழைத்தார்கள் என்று காட்டும் பத்தியைப் பார்த்தேன். எல்லாம் அந்தப் பேச்சுப் பெட்டியில் போய் முடிந்தன.

அந்தப் பேச்சுப் பெட்டி எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்க வசதியாக இருக்கட்டும் என்று, இலவசமாகக் கிடைத்த ஒரு சேவையைச் சேர்த்திருந்தேன். அவர்கள் கொடுத்த வரியை அப்படியே பக்கத்தின் தலையில் ஒட்டினேன். அப்படி ஒட்டினால், உலாவி அந்த வரியைக் கண்டதும் நின்றுவிடும். கோப்பு இறங்கி ஓடி முடிக்கும்வரை கீழே இருப்பதைப் படிக்காது. பட்டணத்தில் அது தெரியவில்லை. மலையடிவாரத் தோட்டங்களில் ஒரே ஒரு கோடு சிக்னலில் திறந்தவர்களுக்கு வெள்ளைத் திரைதான் தெரிந்தது. செம்பனைக்கு நடுவே லயத்து வாசலில் நின்று கைப்பேசியை மேலே தூக்கிப் பிடிப்பவரிடம் போய் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று எப்படிச் சொல்வது?

எனவே அந்த வரியை எடுத்துவிட்டு, பக்கம் முழுதும் வந்த பிறகு நிரலே ஒரு ஸ்கிரிப்ட் உறுப்பை உருவாக்கி, முகவரியை நிரப்பி, பக்கத்தில் செருகும்படி மாற்றினேன். இப்படிச் செருகப்படும் ஸ்கிரிப்ட் இயல்பாகவே 'அசிங்க்' முறையில் வரும். யாரையும் காக்க வைக்காது. பல கோப்புகள் வரிசையாக ஓட வேண்டுமென்றால் மட்டும் அந்த 'அசிங்க்' பண்பை 'ஃபால்ஸ்' என்று வைக்கவேண்டும். பக்கத்தின் உள்ளடக்கத்தை மாற்றும் 'இன்னர் எச்டிஎம்எல்' வழியாக ஸ்கிரிப்டைக் கொட்டினால் ஓடாது என்பதைக் கற்கும் வரை ஒரு இரவு போனது, அது வேறு கதை. பக்கம் பளிச்சென்று திறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஏழு வரிகளை, மேலே குறிப்பு வரியில் என் பெயரோடு, பிற வாடிக்கையாளர்களின் பக்கங்களிலும் ஒட்டினேன்.

நான்கு ஆண்டுகளில் அந்தச் சேவை மூடப்பட்டுவிட்டது. முகவரியைப் புதுப்பிக்க ஆளில்லை. வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார்கள். பேச்சுப் பெட்டி காணாமல் போனதை அக்கா கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. பழைய முறையில் இருந்திருந்தால் சேவை நின்ற அன்றே பக்கம் இழுத்திருக்கும், யாராவது என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். என் கெட்டிக்காரத்தனம் அந்த வலியை எடுத்துவிட்டது. வலி போனதும் நோயைத் தேட ஆளில்லை.

எங்கள் தாத்தா காலத்துத் தோட்டத் துரைக்கு ஆள் வேண்டுமென்றால் ஆள் சேர்க்கும் கங்காணியிடம் சொன்னால் போதும். அவர் தன் ஊர்ப்பக்கம் போய்க் கூட்டி வருவார். யார் யார் என்பது கங்காணிக்குத்தான் தெரியும். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியதோடு அது முடிந்தது. இணையத்தில் முடியவில்லை. நாம் ஒரு ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறோம். அது நாலு பேரைக் கூட்டி வருகிறது. அந்த நாலு பேர் இன்னும் சிலரை. நம் தாத்தாக்கள் பாவம், உழைக்க வந்தார்கள். இங்கே வருபவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. எந்த முகவரியிலிருந்து வந்தாலும், பக்கத்துக்குள் நுழைந்துவிட்ட ஸ்கிரிப்டுக்கு வீட்டுப் பிள்ளையின் உரிமை உண்டு. வாடிக்கையாளர் தட்டும் அடையாள அட்டை எண்ணைப் படிக்கலாம், படிவம் போய்ச் சேரும் இடத்தை மாற்றலாம், பக்கத்தையே வேறு இடத்துக்குத் திருப்பலாம். உலாவி தடுக்காது, நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்?

அக்காவின் கடைக்கு நடந்தது உலகத்துக்குப் புதிதில்லை. பாலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரியிலிருந்து, பழைய உலாவிகளுக்குப் புதிய வசதிகளைத் தரும் ஒரு ஸ்கிரிப்டை ஏராளமான பக்கங்கள் அழைத்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் அந்த முகவரி ஒரு சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தத் திட்டத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ பெட்ஸ் அப்போதே, உடனே நீக்கிவிடுங்கள் என்று எச்சரித்தார். கேட்டவர்கள் குறைவு. ஜூன் மாதம் சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் விஷயத்தை வெளியே கொண்டுவந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த வரி இருந்தது. கைப்பேசிக்காரர்களை மட்டும், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், விளையாட்டுப் பந்தயத் தளத்துக்குத் தள்ளியது. தள நிர்வாகி என்று தெரிந்தால் சும்மா இருந்துவிடும். திருப்பி விடும் முகவரியோ, தள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் போலவே இருக்கும், 'எல்' எழுத்து வரும் இடத்தில் மட்டும் 'ஐ'. என் மடிக்கணினியில் ஏன் முறுக்கு மட்டும் தெரிந்தது என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

இன்னும் மோசமானது பணம் கட்டும் பக்கம். நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டரின் பிரிட்டன் கிளை 2018இல் பணம் கட்டும் பக்கத்திலேயே வெளியார் ஒருவரின் பேச்சுப் பெட்டியை வைத்திருந்தது. அந்த ஸ்கிரிப்டை யாரோ மாற்றி எழுத, அட்டை விவரங்கள் போயின. 2020 நவம்பரில் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. பணம் கட்டும் இடத்தில் அரட்டை எதற்கு என்று அங்கே யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

இப்போது நான் வேலை செய்யும் விதம் மாறியிருக்கிறது. கோப்பை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ள முடியுமானால் வைத்துக்கொள்கிறேன்; பாதித் தொல்லை அங்கேயே தீரும். வெளியிலிருந்துதான் வரவேண்டுமென்றால், பதிப்பு எண் உறைந்த கோப்பாகக் கேட்டு, செருகும்போது 'இன்டெகிரிட்டி' பண்பில் அதன் கைரேகையை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீட்டைச் சேர்க்கிறேன். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை ஓட்டாது. ஆனால் பாலிஃபில் மாதிரி உலாவிக்கு உலாவி வேறு வேறு கோப்பு தரும் சேவைக்கு இது உதவாது. உள்ளே வந்தது கூட்டிவரும் ஆட்களையும் இந்தக் கைரேகை சோதிக்காது. அதற்குத்தான் சர்வர் பக்கத்தோடு அனுப்பும் 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி' என்ற தலைப்புவரி. எந்த முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட் வரலாம், தரவு எங்கே போகலாம் என்று எழுதிவைத்தால், பட்டியலில் இல்லாதவரை உலாவியே வாசலில் நிறுத்தும். முதலில் தடுக்காமல் புகார் மட்டும் அனுப்பும் நிலையில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். யார் யார் வந்துபோகிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். 'ஸ்ட்ரிக்ட் டைனமிக்' என்று ஒரு சொல் அதில் உண்டு. நம்பிய ஸ்கிரிப்ட் கூட்டி வருபவரையும் நம்பு என்று பொருள். பெரிய தளங்களுக்கு அது தேவைப்படலாம். என் கண்ணுக்கு அது கங்காணி உரிமம். பலகாரக் கடைக்கு வேண்டாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு விஷயம். 2025 ஜூன் 1 முதல், மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால் 250,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்கிரிப்ட் வேறு ஒருவருடையது என்று சொல்லி நழுவ முடியாது.

அக்காவின் பக்கத்தில் பேச்சுப் பெட்டியை எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் புலனத்துக்குப் போகும் சாதாரண இணைப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தொடும்வரை வெளியிலிருந்து எதுவும் இறங்காது. வங்கி வழியாகப் பணம் கட்ட வாடிக்கையாளர் நேராக வங்கியின் பக்கத்துக்கே போய்விடுகிறார். அந்தத் தீபாவளிக்கு வழக்கத்தைவிடக் குறைவான டின்கள்தான் போயின. அக்கா எதுவும் சொல்லவில்லை. எனக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிறகு பழைய கோப்புகளை எடுத்து, அந்த ஏழு வரிகளை எங்கெங்கே ஒட்டினேன் என்று பட்டியல் போட்டேன். பதினொரு தளங்கள். ஒன்பதில் நீக்கிவிட்டேன். மற்ற இரண்டின் உரிமையாளர்கள் எண்ணை மாற்றிவிட்டார்கள், கடவுச்சொல்லும் என்னிடம் இல்லை. அவற்றைத் திறந்து மூலத்தைப் பார்த்தால், குறிப்பு வரியில் இன்னும் என் பெயர் இருக்கிறது.