தெருமுனை அடிகுழாயும் உலக வரைபடமும்

நாகப்பட்டினத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு அடிகுழாய் இருக்கிறது. கைப்பிடி தேய்ந்து பளபளவென்று இருக்கும். லாரித் தண்ணீர் வராத நாட்களில் நாலு தெருக்காரர்களும் வாளியோடு அங்கேதான் நிற்போம். நான் பார்த்த எந்த வரைபடத்திலும் அது இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதன் பக்கத்தில் நின்றுகொண்டே கைபேசியில் அதை உலக வரைபடத்தில் சேர்த்தேன். இரண்டு நிமிட வேலை. அந்த வரைபடத்தின் பெயர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு நிமிடத்தில் நடந்ததைப் பிரித்துப் பார்த்தாலே இது எப்படி இயங்குகிறது என்று பிடிபட்டுவிடும்.

என் கைபேசி அனுப்பியதில் படம் எதுவும் கிடையாது. இரண்டு எண்கள் போயின: 10.7671183, 79.8403562. முன்னது அட்சரேகை, பின்னது தீர்க்கரேகை. தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம் வரை இந்தத் தரவுத்தளம் வைத்துக்கொள்ளும். ஏழாவது இலக்கத்தில் ஒன்று கூடினால் தரையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். கைபேசியின் ஜிபிஎஸ்ஸுக்கு அவ்வளவு நுட்பம் வராது, சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். அதனால் பக்கத்து வீட்டு மதிலை அடையாளம் வைத்து, புள்ளியை விரலால் இழுத்துச் சரியான இடத்தில் விட்டேன். கூடவே இரண்டு குறிச்சொற்கள்: 'வகை = கிணறு', 'பம்ப் = கையால் இயக்குவது'. இப்படி ஒரு இடமும் அதன் குறிச்சொற்களும் சேர்ந்ததுதான் கணு.

கணுக்களைப் பூச்சரம் போல வரிசையாகத் தொடுத்தால் கோடு. தெரு, வாய்க்கால், ரயில் பாதை எல்லாம் கோடுகள். கோடு தான் தொடங்கிய கணுவிலேயே வந்து முடிந்தால் அது வீடாகவோ குளமாகவோ ஆகிவிடும். கோடுகளையும் கணுக்களையும் சேர்த்துக் கட்டினால் உறவு. ஒரு பேருந்து எந்தெந்தச் சாலை வழியாகப் போகிறது என்பதை அப்படித்தான் பதிவார்கள். மொத்த உலகமும் இந்த மூன்றே பொருட்களில் அடங்கிவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், இரண்டு சாலைகள் சந்திக்கும் இடம். நாற்சந்தியில் இரண்டு கோடுகளுக்கும் ஒரே கணு பொதுவாக இருக்க வேண்டும். வழி சொல்லும் செயலி அந்தப் பொதுக் கணுவைப் பார்த்துத்தான் 'இங்கே திரும்பலாம்' என்று தெரிந்துகொள்கிறது. மேம்பாலமும் கீழே போகும் சாலையும் படத்தில் வெட்டிக்கொள்வது போலத் தெரியும், ஆனால் அவற்றுக்குப் பொதுக் கணு கிடையாது. அதனால்தான் செயலி நம்மைப் பாலத்திலிருந்து கீழே குதிக்கச் சொல்வதில்லை. வரைபவர் கை தவறி அந்த ஒரு கணுவை இணைக்காமல் விட்டால், கண்ணுக்கு வரைபடம் சரியாகவே தெரியும். செயலி மட்டும் ஊரைச் சுற்றிப் போகச் சொல்லும்.

சரி, எண்கள் எப்போது படமாகின்றன? நாம் பார்க்கக் கேட்கும்போது. உலகத்தைச் சதுரத் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். முழுக்க விலகிப் பார்த்தால் மொத்த உலகமும் 256 பிக்சல் அகலமுள்ள ஒரே சதுரம். ஒரு படி நெருங்கினால் நாலு, அடுத்த படியில் பதினாறு. பத்தொன்பதாம் படிக்குள் எண்ணிக்கை 27,000 கோடியைத் தாண்டிவிடும். அத்தனையையும் யாரும் வரைந்து வைப்பதில்லை. பெரும்பகுதி வெறும் கடல், அதைப் பெரிதாக்கிப் பார்க்க ஆளும் இல்லை. ஒருவர் கேட்டதும் அந்தத் துண்டைச் சர்வர் வரைந்து கொடுக்கும், அடுத்தவருக்காக எடுத்தும் வைத்துக்கொள்ளும்.

இத்தனை பேர் ஒரே தாளில் எழுதினால் குழப்பம் வராதா என்று கேட்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. நான் பதிப்பு 3ஐ எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் பதிப்பு 4ஐச் சேமித்துவிட்டால், என் திருத்தத்தைச் சர்வர் வாங்காது. புதியதைப் பார்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். பழைய பதிப்புகளும் அழிவதில்லை, அதனால் விஷமம் செய்தால் பின்னோக்கித் திருப்பிவிட முடியும். 2018 ஆகஸ்டில் ஒருவர் நியூயார்க் நகரின் பெயரையே யூத வெறுப்புச் சொல்லாக மாற்றினார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். ஆனால் அதிலிருந்து நகல் எடுத்து வைத்திருந்த ஒரு நிறுவனம் வழியாகச் சில வாரம் கழித்து அந்தச் சொல் பல செயலிகளில் எட்டிப்பார்த்தது.

இது பிறந்தது லண்டனில், 2004ல். அங்கே மாணவராக இருந்த ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கி வைத்தார். பிரிட்டனை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தது ஆர்டினன்ஸ் சர்வே என்கிற அரசு அமைப்பு. அப்போது அந்தத் தரவைப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதன் வரைபடங்களை நகலெடுத்த வழக்கில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்கிற வாகன ஓட்டிகள் அமைப்பு 2001ல் 2 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. ஆகவே புதிய வரைபடத்துக்கு ஒரு கண்டிப்பான விதி: மற்ற வரைபடத்தைப் பார்த்து எழுதாதே, தரையில் இருப்பதை எழுது. 2000 மே மாதம் வரை அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தவறும். அதை நிறுத்தியதும்தான் சாதாரண மனிதர் நடந்து போய் ஒரு தெருவை வரைய முடிந்தது. 2006 மே மாதம் நாற்பது பேர் அளவில் இங்கிலாந்தின் வைட் தீவில் கூடி, நடந்தும் சைக்கிளிலும் காரிலும் சுற்றி, ஒரே வார இறுதியில் தீவின் பெரும்பகுதிச் சாலைகளைப் பதிந்தார்கள்.

ஆனால் இதன் அருமையை உலகத்துக்குக் காட்டியது கரீபியன் நாடான ஹைட்டி. 2010 ஜனவரி 12ல் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் வரைபடத்தில் சில பெரிய சாலைகளைத் தவிர அதிகம் எதுவும் இல்லை. செயற்கைக்கோள் நிறுவனங்கள் புதிய படங்களை இலவசமாகத் திறந்துவிட்டன. பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் வீட்டில் உட்கார்ந்தபடி அந்தப் படங்களின் மேல் தெருக்களையும், இடிந்த கட்டடங்களையும், புதிதாக முளைத்த கூடார முகாம்களையும் வரைந்தார்கள். மீட்புக் குழுவினர் அதைக் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளில் இறக்கிக்கொண்டு களத்துக்குப் போனார்கள். முன்பின் பார்க்காத ஊருக்காகத் தூக்கம் விட்டு வரைந்த அந்த மனிதர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

என்றாலும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கூரைதான் தெரியும். உள்ளே இருப்பது பள்ளிக்கூடமா குடோனா, அந்தத் தெருவை அங்குள்ளவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. ஹைட்டியிலேயே அப்புறம் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் அந்த வெற்றிடங்களை நிரப்பினார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும் அதுதான் நடந்தது. தெருக்கள் முன்பே வரைபடத்தில் இருந்தன. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பது மக்களுக்குத்தான் தெரியும். அவர்கள் அந்தத் தெருக்கோட்டைத் தொட்டு 'இங்கே வெள்ளம்' என்று குறித்துக்கொண்டே போனார்கள்.

போன வாரம் எங்கள் அடிகுழாயைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பதிப்பு 2 என்று காட்டியது. யாரோ ஒருவர் மூன்றாவதாக ஒரு குறிச்சொல் சேர்த்திருந்தார்: 'குடிநீர் = இல்லை'. உண்மைதான், அது உப்புத் தண்ணீர். துணி துவைக்க, பாத்திரம் விளக்கத்தான் ஆகும். அது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே எனக்கு எழுதத் தோன்றவில்லை. தெரியாத ஒருவர் வெயிலில் வந்து நின்று ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்க வேண்டும்.