சென்னையில் விட்டார்கள் என்பதற்காக துபாயில் விடமாட்டார்கள்

"அப்பாவை துபாய் கஸ்டம்ஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், டாக்டர் சீட்டை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று எங்கள் மருந்துக் கடைக்குப் போன் வருவது வழக்கமாகிவிட்டது. இறங்கிய பிறகு சீட்டை அனுப்பி என்ன பயன்? இங்கே சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளை அங்கே கொண்டுபோக அந்த நாட்டின் அனுமதி வேண்டும், அதை விமானம் ஏறும் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

மாட்டிக்கொள்பவர்களில் பலர் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் வயதானவர்கள். சர்க்கரை நோயில் வரும் கால் எரிச்சலுக்கு "நரம்பு மாத்திரை" சாப்பிடுவார்கள். அதைச் சத்து மாத்திரை என்றே நினைத்திருப்பார்கள். அந்த ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள். மெத்தில்கோபாலமின் 750 மைக்ரோகிராம் என்றிருக்கும். கூடவே பொடி எழுத்தில் ப்ரீகாபலின் 75 மில்லிகிராம் என்றும் பல மாத்திரைகளில் இருக்கும். முதலாவது பி12 சத்து. இரண்டாவது அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து.

முட்டி வலிக்குத் தரும் சில மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு ட்ரமடால் என்ற அபின் வகை வலி மருந்தும் இருக்கும். இந்தியாவிலேயே 2018 முதல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வயிற்றுப் பொருமலுக்கு எழுதும் ஒரு வகை மாத்திரையில் குளோர்டயாசிபாக்சைடு, படபடப்பு மாத்திரையில் குளோனாசிபாம் அல்லது அல்பிரஸோலம், சில இருமல் மருந்துகளில் கோடீன். இவையும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவைதான். பிராண்டு பெயரைப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. உள்ளடக்கத்தைத்தான் படிக்க வேண்டும்.

"சென்னையிலேயே ஸ்கேன் பண்ணி விட்டுட்டாங்களே!" எத்தனை முறை சொன்னாலும் இந்த வாதம் மட்டும் ஓய்வதில்லை. சென்னையில் உங்கள் பையைச் சோதிக்கும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை தேடுவது விமானத்துக்கு ஆபத்தான பொருளை: ஆயுதம், வெடிபொருள், தீப்பற்றும் சாமான். துபாய் சட்டப்படி உங்கள் மாத்திரை செல்லுமா என்று பார்ப்பது அவர்கள் வேலையே இல்லை. அதைப் பார்ப்பது நீங்கள் இறங்கும் ஊரின் கஸ்டம்ஸ். இங்கே வாங்கிய பில்லும் இந்திய டாக்டரின் சீட்டும் நோய் இருப்பதற்குத்தான் சான்று, அந்த நாட்டின் அனுமதி ஆகாது. வழியில் விமானம் மாற டிரான்சிட்டில் இறங்கினாலும் அந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எல்லா மாத்திரைகளையும் கடைக்கு எடுத்து வாருங்கள். "வெளிநாடு போகிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குளோனாசிபாம், ப்ரீகாபலின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

மாற்று இல்லையென்றால், அமீரகத்துக்கும் சவூதிக்கும் அந்தந்த அரசின் இணையதளத்தில் முன்அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கட்டுப்பாட்டு மருந்தை 30 நாள் அளவுக்கு மேல் கொண்டுபோகத் திட்டமிடாதீர்கள். சிங்கப்பூருக்கு என்றால் அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். சீட்டு ஆங்கிலத்தில் டைப் செய்ததாக இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், மருந்தின் மூலப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு, டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் அதில் வேண்டும். கிறுக்கலாக எழுதிய சீட்டை நாங்களே தடுமாறித்தான் படிக்கிறோம். வெளிநாட்டு அதிகாரி எப்படிப் படிப்பார்?

ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொண்டுபோகாதீர்கள். நாலு மாத்திரைக்காக வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும், உங்கள் கையில் வெறும் அலுமினியத் துண்டு. டப்பாவில் கொட்டி வைப்பது அதைவிட மோசம். முழு அட்டைகள், அட்டைப்பெட்டி, பில் மூன்றும் சேர்ந்தே போகட்டும்.

மசாலாப் பொட்டலத்தையும் ஒருமுறை பாருங்கள். குருமாவுக்குப் போடும் கசகசாவை அமீரகமும் சவூதியும் போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கின்றன. சிங்கப்பூரிலும் அதற்குக் கெடுபிடி உண்டு. கால் கிலோ, அரைக் கிலோ என்ற பேச்சே வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, "எம்புள்ளைக்கு மருந்து, குடுத்துடுங்க தம்பி" என்று பொட்டலம் நீட்டினால் மறுத்துவிடுங்கள். மனம் சங்கடப்படத்தான் செய்யும். ஆனால் பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அக்கா அங்கே வரமாட்டார்.

இன்சுலினை மட்டும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், தயவுசெய்து. சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் அதன் வீரியம் போய்விடும். சீட்டோடு கைப்பையில் வைத்து, ஸ்கேனருக்கு முன்னாலேயே எடுத்துக் காட்டுங்கள்.