குதிரையின் நாடி ஒரு துடிப்பை விட்டால்

வடசென்னைக் கல்யாண ஊர்வலங்களில் இன்றும் குதிரை வருகிறது. அந்தக் குதிரை லாயத்தில் ஓய்வாக நிற்கும்போது தாடை எலும்பின் உள்விளிம்பில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்புதான் இருக்கும். சில குதிரைகளில் மூன்று, நான்கு துடிப்புக்கு ஒருமுறை நாடி நின்று, அப்புறம் வரும். பெரும்பாலும் இது நோயே இல்லை.

ஓய்வில், துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு குதிரையின் இதயத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு அவ்வப்போது கீழறைக்குப் போகாமல் தடைபடும். கொஞ்சம் ஓடவிட்டு உடனே கேட்டால் தாளம் சீராகிவிடும். இதற்கு மருந்து கொடுப்பதுதான் தவறு.

எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒருமுறை நெருக்கமாகவும் ஒருமுறை நீண்டு இழுத்தும் துடித்தால் சங்கதி வேறு. அது ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனாக, அதாவது மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடக்கும் கோளாறாக இருக்கலாம். ஈசிஜி எடுத்தால்தான் உறுதியாகும். குதிரையின் மேலறைகள் மிகப் பெரியவை. தறிகெட்ட மின்அலைகள் அடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்க அங்கே தாராளமாக இடம் உண்டு. வியர்வையில் பொட்டாசியம் நிறைய போனாலும் இது தொடங்கலாம். நம்மூர் வெயிலில் இதை மறக்கக் கூடாது. நிற்கும்போது குதிரை நன்றாகவே தெரியும், ஓடினால்தான் சீக்கிரம் களைத்துப்போகும்.

புதிதாக வந்தது ஓரிரு நாளில் தானே சரியாவதும் உண்டு. ஆகவில்லை என்றால் குயினிடின் என்ற மருந்து. 1860-களில் மலேரியாவுக்காக நீலகிரியில் நட்டார்களே, அந்தச் சின்கோனாப் பட்டையிலிருந்து வருவதுதான் இதுவும். மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டு, வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். மூக்குச் சவ்வு வீங்கலாம், பேதியாகலாம், வயிற்றுவலி வரலாம், இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடலாம். அதனால் ஈசிஜி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; லாயத்தில் வைத்துச் செய்கிற வைத்தியம் இல்லை இது.

வெளிநாட்டுக் குதிரை மருத்துவமனைகளில் இன்னொரு வழி உண்டு. கழுத்து ரத்தக்குழாய் வழியாக இரண்டு மின்கம்பிக் குழாய்களை இறக்குவார்கள். ஒன்று வலது மேலறையில், மற்றது நுரையீரல் தமனியில். முழு மயக்கத்தில் மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்புவார்கள். எந்த வழியானாலும், கோளாறு மாதக்கணக்கில் ஊறிப்போனால் திருப்புவது கடினம், திரும்பினாலும் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

திருப்ப முடியாத குதிரையைக் கைவிட வேண்டியதில்லை. ஓய்வுத் துடிப்பு அளவோடு இருந்தால் லேசான வேலை செய்யும். ஆனால் பட்டாசுச் சத்தத்தில் மிரண்டால் துடிப்பு எகிறும். ஓடும்போதும் ஈசிஜி எடுத்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அதன் மேல் மாப்பிள்ளையை ஏற்றாதீர்கள்.