டர்பிடிட்டி என்றால் கொந்தளிப்பு அல்ல, கலங்கல்

போன வாரம் அக்கா மகள் இலங்கை மலையகத்தில் இருக்கிற எங்கள் தலவாக்கலைக்கு வந்திருந்தாள். திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவின் நீர்த்தரத்தைச் செய்மதிப் படங்களை வைத்துக் கணிப்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கடைசி வருட வேலை. அதைத் தமிழிலும் எழுதிப் பார்க்க உட்கார்ந்தவள் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். "மாமா, டர்பிடிட்டிக்கு போன் கொந்தளிப்பு என்று காட்டுது, அப்படியே போடவா?" என்று கேட்டாள். போடாதே என்றேன். அந்தப் பிழையை வேறு பலரும் செய்வதால் காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

லத்தீனில் டுர்பா என்றால் கூட்டம், அமளி. அதிலிருந்து வந்தது டுர்பிடுஸ், கலங்கிய என்று பொருள். டர்பியூலன்ஸ் என்பதும் அதே வேரில் முளைத்ததுதான், அதற்குக் கொந்தளிப்பு சரியாகப் பொருந்தும். வேர் ஒன்று என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட முடியாது. வெயில் காலத்தில் ஓர் அருவியின் அடியில் போய் நில்லுங்கள், தண்ணீர் கொந்தளித்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அள்ளிப் பார்த்தால் உள்ளங்கை ரேகை தெரியும். மழைக்கு மறுநாள் தோட்டத்துக் குட்டை அசையாமல் கிடக்கும், அதில் விரலை விட்டால் நுனி தெரியாது. டர்பிடிட்டி இந்த இரண்டாவது.

இதற்கு நாம் சொல் தேடி அலையவே வேண்டாம். பெருமழை பெய்த காலையில் குடத்தோடு பீலிக்குப் போனவர்கள் திரும்பி வந்து என்ன சொல்வார்கள்? "தண்ணி கலங்கி வருது." கலங்கு, கலக்கு, கலங்கல். மனம் கலங்குவதும் கண் கலங்குவதும் இதே சொல்தான். கலித்தொகையிலேயே, இல்லத்துக் காழ், அதாவது தேற்றா விதை, கலங்கிய நீரைத் தெளியவைப்பது உவமையாக வருகிறது. கலங்கலுக்கு எதிர்ச்சொல் தெளிவு என்பது அன்றைக்கே உறுதி.

நிறமும் கலங்கலும் வேறு வேறு, இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு கிளாசில் பிளேன்டீ, இன்னொன்றில் பால் தேத்தண்ணி ஊற்றி இரண்டிலும் கரண்டியைப் போடுங்கள். பிளேன்டீ சிவந்திருந்தாலும் கரண்டி அடிவரை தெரியும், ஏனென்றால் சாயம் கரைந்திருக்கிறது, ஒளியில் கொஞ்சத்தை விழுங்குகிறதே தவிரச் சிதறவிடுவதில்லை. பாலில் மிதக்கும் நுண்ணிய கொழுப்பும் புரதமும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால் கரண்டி மறைந்துபோகிறது. அந்தச் சிதறல்தான் கலங்கல். அளக்கிற கருவியும் நீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, 90 பாகைப் பக்கத்தில் எவ்வளவு சிதறி வருகிறது என்றுதான் பார்க்கிறது. அலகின் பெயர் என்டியு, அதாவது நெஃபெலோமெட்ரிக் டர்பிடிட்டி யூனிட். அதில் முதல் எழுத்து நெஃபெலே என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வருகிறது, முகில் என்று பொருள், மலையில் இருக்கிற நமக்கு அது உடனே விளங்கும். சுமார் 4 என்டியுவைத் தாண்டினால் வெறும் கண்ணுக்கே தெரியத் தொடங்கும்.

சரி, இதைச் செய்மதி எப்படிப் பார்க்கிறது? (தமிழ்நாட்டில் செயற்கைக்கோள் என்பார்கள், செய்த மதி என்ற நம் சொல் எனக்கு அதைவிடப் பிடிக்கும்.) தெளிந்த கடல் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மண் துகள் இருந்தால் அந்த ஒளி சிதறி மேலே திரும்பும், அதனால் ஆற்று முகத்துவாரத்தில் கலங்கல் ஒரு வால் போலப் படத்தில் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர், இரண்டு செய்மதிகள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். ஆனால் கடலுக்கு மேலே செய்மதிக்குக் கிடைக்கும் ஒளியில் பெரும்பங்கு காற்றில் சிதறியது, நீரிலிருந்து வருவது சொற்பம், முதலில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்புறம்தான் இயந்திரக் கற்றல். படகில் போய் அளந்த கலங்கலையும் அதே நேரத்துப் படத்தின் ஒளியளவையும் சோடி சோடியாகக் கொடுத்தால் கணினி இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பழகிக்கொள்கிறது. வேறு நாட்டுச் சேற்றில் பழகியது நம் மண்ணுக்கு அப்படியே ஒத்துவராது, துகளின் பருமனும் நிறமும் மாறினால் சிதறலும் மாறும். மழைக்காலத்தில், நீர் மிகவும் கலங்கும் அதே நாட்களில், முகில் மூடிவிடுவது இன்னொரு தொல்லை.

மகாவலி ஆறு நம் மலைகளில் பிறந்து 335 கிலோமீட்டர் ஓடி அந்தக் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. கான் (தோட்டத்து வடிகால்) தூர்ந்துபோன மலையில் அரித்த மண்ணில் ஒரு பகுதி கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களில் தங்கும், மிச்சம் கடலுக்குப் போகும். அவள் வேலை என்னை இவ்வளவு தொடுவதற்கு அதுதான் காரணம்.

கலங்கலை மாசு என்று எழுதிவிடக் கூடாது என்றும் அவளிடம் சொன்னேன். உரத்திலிருந்து கரைந்துவரும் நைத்திரேற்று கண்ணாடி போன்ற நீரிலும் இருக்கும், அது செய்மதிக்கு நேரடியாகத் தெரியாது. கலங்கல்தன்மை என்று சிலர் எழுதுகிறார்கள், அதுவும் சரிதான். எண்ணைக் குறிக்கும் இடத்தில் கலங்கலளவு, கருவிக்குக் கலங்கல்மானி என்று வைத்துக்கொள்ளலாம். 1865 இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி வெள்ளைத் தட்டுகளைக் கடலில் இறக்கி, அவை மறையும் ஆழத்தைப் பார்த்தார். அந்த ஆழத்துக்கு அவளே தெளிவாழம் என்று பெயர் வைத்தாள். அடுத்த மாதம் படகில் போகும்போது அப்படி ஒரு தட்டையும் கொண்டுபோகிறாள், கொப்பியில் இரண்டு நிரல்களுக்கும் தலைப்பு எழுதியாயிற்று: கலங்கலளவு, தெளிவாழம்.