ஹத்தீன்: தாகம் ஒரு படையை வீழ்த்திய விதம்

கலிலேயாவில் நாசரேத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் சஃப்பூரியா என்ற ஊர் இருந்தது. கோடையிலும் வற்றாத ஊற்றுகள் கொண்ட இடம். 1187 ஜூலை 2ஆம் தேதி இரவு, சிலுவைப் போராளிகளின் ஜெருசலேம் அரசு திரட்ட முடிந்த படை முழுவதும் அந்த ஊற்றுகளைச் சுற்றித்தான் கூடாரமடித்திருந்தது. உடல் முழுக்க இரும்பு வளையக் கவசம் அணிந்த குதிரைவீரர்கள் சுமார் 1,200 பேர். இலகு குதிரைப்படை, காலாட்கள், வில்லாளிகள் எல்லாரையும் சேர்த்தால் ஏறத்தாழ 20,000 பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் பொதுவான மதிப்பீடு. ஜூலை 4 மாலை, ஹத்தீன் என்ற இடத்தில் நடந்த போருக்குப் பின், அந்தப் படை இல்லை. அரசன் கைதி. படையின் நடுவே கொண்டுசெல்லப்பட்ட புனிதச் சிலுவைத் துண்டும் எதிரியின் கையில். மூன்றே மாதங்களில், அக்டோபர் 2 அன்று, ஜெருசலேம் எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாவுதீனிடம் சரணடைந்தது.

இந்தத் தோல்விக்கு அரசன் கீயின் முட்டாள்தனத்தைக் காரணம் சொல்வோர் உண்டு. பிரபுக்களின் பகையைச் சொல்வோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஹத்தீனில் நடந்ததை மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தால், உடலியலும் நிலவியலும் சேர்ந்து ஒரு படையைக் கொன்ற கதையாகவே அது தெரிகிறது. சலாவுதீனின் திறமை, அந்த இரண்டையும் தன் பக்கம் போரிட வைத்ததில் இருக்கிறது.

அவர் போட்ட தூண்டில் திபேரியா. கலிலேயக் கடல் என்று விவிலியம் சொல்லும் நன்னீர் ஏரியின் கரையிலிருந்த அந்த நகரை ஜூலை 2 அன்று பிடித்தார். கோட்டை மட்டும் விழவில்லை. அதற்குள் இருந்தவர் திரிப்போலியின் பிரபு மூன்றாம் ரேமோனின் மனைவி எஸ்கிவா. அன்றிரவு ஆலோசனையில், போக வேண்டாம் என்று தடுத்ததே ரேமோன்தான். நகரம் தன்னுடையது, மனைவி தன்னுடையவள். போனால் போகட்டும், படையை இழந்தால் நாடே போய்விடும் என்றார். இடையில் தண்ணீர் இல்லாத நிலத்தைக் கடக்க வேண்டியிருக்கும் என்பது அந்தப் பகுதியை நன்கறிந்த அவருக்குத் தெரியும். அரசனும் ஒப்புக்கொண்டான். எல்லாரும் கலைந்த பிறகு டெம்பிளர் துறவு வீரர்களின் தலைவர் ஜெரார் தனியாக வந்து அரசனின் மனதை மாற்றினார்.

கீயை முட்டாள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1183இல், இதே கலிலேயாவில் சலாவுதீன் படையெடுத்தபோது, அவன் ஊற்றுகளின் அருகே முகாமிட்டு, சண்டைக்குப் போகாமல் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். சலாவுதீன் ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பிப் போனார். போர் நுணுக்கப்படி அதுதான் சரி. ஆனால் அதற்காகக் கோழை என்று ஏசப்பட்டு, அப்போது அரசப் பிரதிநிதியாக வகித்த ஆட்சிப் பொறுப்பையே இழந்தான். ஒருமுறை சரியானதைச் செய்து தண்டனை பெற்றவனிடம் அதையே மறுபடி செய்யச் சொன்னால் அவன் தயங்கத்தானே செய்வான்?

கலிலேயாவின் மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்யும். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே அந்த நீர் நிலத்தடிக்குப் போய்விடும். நீர் புகாத அடுக்கு ஒன்று தடுக்கும் இடத்தில், மலையடிவாரத்தில், ஊற்றாக வெளியே வரும். ஆகவே தண்ணீர் ஆறுபோல் நீண்டு கிடைப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்ததுபோல் கிடைக்கும்; புள்ளிகளுக்கு நடுவே ஜூலையில் ஒன்றுமில்லை. மழைநீர்த் தொட்டிகளும் அதற்குள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். சஃப்பூரியாவிலிருந்து திபேரியா வரை 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் தூரான் மலையடிவாரத்தில் ஒரு சிறு ஊற்று. அதைத் தாண்டினால் வறண்ட மேட்டுநிலம். அந்த மேட்டில் ஹத்தீனின் கொம்புகள் என்ற இரட்டை முகடு நிற்கிறது. அது அணைந்துபோன ஒரு எரிமலை. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம். கிழக்கே ஏரியோ கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே. மேட்டிலிருந்து பார்த்தால் ஏரி பளபளவென்று தெரியும். அங்கே இறங்கும் வழியில் சலாவுதீனின் படை நின்றது.

தண்ணீரைச் சுமந்துகொண்டே போயிருக்கக் கூடாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெயிலில் கவசத்தோடு நடப்பவருக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்பது சிக்கனமான அளவு. 20,000 பேருக்கு ஒரு லட்சம் லிட்டர். கோடையில் வேலை செய்யும் குதிரைக்கு 40 லிட்டராவது வேண்டும். ஐந்தாயிரம் குதிரைகள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு லட்சம் லிட்டர். ஆக ஒரே நாளுக்கு மூன்று லட்சம் லிட்டர். கோடையில் நம் தெருக்களுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 25 லோடு. இதைத் தோல்பைகளில் ஏற்றினால் சுமக்க ஆயிரக்கணக்கான விலங்குகள் வேண்டும். அந்த விலங்குகளும் குடிக்கும். எனவே அன்றைய படை ஒவ்வொன்றும் ஊற்றிலிருந்து ஊற்றுக்குத் தாவித்தான் முன்னேற முடியும். இரண்டு ஊற்றுகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஒரே பகலில் கடக்க முடிந்தால் பிழைத்தது.

இனி உடலுக்குள் நடப்பது. நடக்கும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதை வெளியேற்ற மனிதனிடம் இருக்கும் முக்கியமான கருவி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இதில் 'ஆவியாகும்போது' என்பது முக்கியம். வழிந்து சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. சிலுவை வீரர்கள் இரும்பு வளையக் கவசத்துக்கு அடியில் பஞ்சு திணித்த தடித்த அங்கி அணிந்தார்கள். அம்பு சதைக்குள் இறங்காமல் காத்தது பெரும்பாலும் அந்த அங்கிதான். ஆனால் அதுவே வியர்வையை உறிஞ்சி, காற்றைத் தடுத்து, உடலைச் சுற்றி ஈரமான சூட்டைத் தேக்கிவைத்தது. குளிர்ச்சி போதாதபோது உடல் இன்னும் அதிகமாக வியர்க்கும். மணிக்கு ஒரு லிட்டரும் அதற்கு மேலும் போகலாம்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்றரை லிட்டர் இழந்தாலே எடையில் 2 சதவீதம் போய்விடும். உடல் உழைப்புத் திறன் அங்கிருந்தே குறையத் தொடங்குகிறது. வியர்வையில் உப்பு ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு. ஆகவே நீர் போகப் போக ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அந்தச் சிறு ஏற்றத்தையும் உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. கூடவே வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரந்து, நீரைப் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. சிறுநீர் குறையும், அடர்மஞ்சளாகும். ஆனால் சிறுநீரகத்தால் இழப்பைக் குறைக்க மட்டுமே முடியும். இழந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கியதும் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது; ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்கும் தசைக்கும் ரத்தம் பங்குபோடப் போதவில்லை. தோலுக்கு வரும் ரத்தம் குறைந்தால் வியர்வை குறையும். வியர்வை குறைந்தால் உட்சூடு ஏறும். 5 சதவீத இழப்பில் தலைவலி, எரிச்சல், தள்ளாட்டம். 10 சதவீதத்தை நெருங்கும்போது சித்தம் கலங்குகிறது. உடல் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கும். கட்டளை காதில் விழும். ஆனால் அதற்குக் கீழ்ப்படியும் மனம் இருக்காது. ஜூலை 4 அன்று நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைக்க வேண்டும்.

குதிரையின் நிலை இன்னும் மோசம். மனிதனைப் போலவே உடல் முழுவதும் ஏராளமாக வியர்க்கும் வெகுசில விலங்குகளில் குதிரை ஒன்று. கடும் உழைப்பில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் இழக்கும். அதன் வியர்வை ரத்தத்தின் அளவுக்கே உப்பானது. நீரும் உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தத்தின் அடர்த்தி அதிகம் மாறுவதில்லை. தாகத்தின் மணி மூளையில் சரியாக ஒலிப்பதில்லை. வறண்டு கிடக்கும் குதிரை தன் தேவையை அறியாமலே தளர்ந்துபோகும். சிலுவைப் படையின் பெரும் ஆயுதம், கவசக் குதிரைவீரர்கள் ஒன்றாகப் பாயும் தாக்குதல்தான். குதிரை தளர்ந்தால் அந்த ஆயுதமே கையில் இல்லை என்று பொருள்.

ஜூலை 3 விடியலில் படை புறப்பட்டது. ரேமோன் முன்னே, அரசனும் சிலுவையும் நடுவே, டெம்பிளர்களும், ஹாஸ்பிட்டலர்கள் என்ற இன்னொரு துறவு வீரர் குழுவும், இபெலின் பிரபு பாலியனும் பின்னே. தடையில்லாமல் நடந்திருந்தால் மாலைக்குள் ஏரியைத் தொட்டிருக்கலாம். சலாவுதீனின் குதிரை வில்லாளிகள் நெருங்கி வந்து அம்பெய்து, துரத்தினால் விலகி, மறுபடி வந்தார்கள். அந்த அம்புகளில் இறந்தவர்கள் குறைவு. ஆனால் பின்படை நின்று திருப்பி அடிக்க வேண்டியிருந்தது. பின்படை நின்றால் நடுப்படையும் நிற்க வேண்டும், இல்லையென்றால் இடைவெளி விழும். இப்படி நின்று நின்று நடந்ததில் நேரம் போனது. நிற்கும் ஒவ்வொரு மணிநேரமும் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. சலாவுதீன் அந்தப் படையை அன்று உடைக்கத் தேவையே இருக்கவில்லை. அதன் வேகத்தைக் குறைத்தால் போதுமானதாக இருந்தது.

தூரான் ஊற்றில் ஏன் தங்கவில்லை என்ற கேள்வி இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. என் எண்ணத்தில் ஊற்றின் அளவே விடை. ஒரே நேரத்தில் நூறு குதிரைகள் குடிக்க இடமிருந்து, ஒவ்வொரு முறைக்கும் பத்து நிமிடம் ஆனதாக வைத்தாலும், ஐந்தாயிரம் குதிரைகளுக்கு எட்டு மணிநேரம் தாண்டும். அம்பு மழைக்கு நடுவில் அது நடக்காது. ஆனால் தாண்டிப் போனதும் சலாவுதீன் தன் பக்கப்படைகளை அனுப்பிப் பின்வாங்கும் வழியை அடைத்தார். முன்னே ஏரி, பின்னே ஊற்று, இரண்டுக்கும் வழியில்லை.

அன்றிரவு மஸ்கனா அருகே மேட்டுநிலத்தில் அவர்கள் தண்ணீரில்லாமல் கிடந்தார்கள். எதிர் முகாமுக்கு ஏரியிலிருந்து ஒட்டகங்கள் தோல்பைகளில் நீர் சுமந்து ஏறின. கூடவே சுமை சுமையாக அம்புகளும் வந்தன. அங்கிருந்து இரவு முழுவதும் முரசும் தொழுகை முழக்கமும் கேட்டன. உறங்காதவர்களுக்கு உடல் தன்னைச் சற்றே சீர்செய்துகொள்ளும் அந்த ஓய்வும் கிடைக்கவில்லை. கையில் கொண்டுபோன தண்ணீரைக் கழித்தாலும், மறுநாள் விடியும்போது ஒரு சராசரி வீரனின் பற்றாக்குறை ஐந்து லிட்டரைத் தாண்டியிருக்கும் என்று மதிப்பிடலாம்.

காலையில் சலாவுதீன் உடனே தாக்கவில்லை. வெயில் ஏறவிட்டார். பிறகு காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கப்பட்டது; காற்று சிலுவைப் படையை நோக்கி வீசியதால் புகையும் அனலும் அவர்கள் மேலேயே படர்ந்தன என்று மோசூல் வரலாற்றாசிரியர் இப்னு அல் அதீர் எழுதுகிறார். அதன் பிறகு காலாட்படை வரிசையை விட்டுக் கலைந்து ஹத்தீன் கொம்பின் மேல் ஏறியது. இறங்கி வாருங்கள் என்று அரசனும் ஆயர்களும் கெஞ்சினார்கள். தாகத்தால் சாகிறோம், சண்டையிட முடியாது என்பதே பதில். இதைத் துரோகம் என்று எழுதியவர்கள் உண்டு. நீரிழந்த மூளையால் அதற்கு மேல் எதுவும் செய்திருக்க முடியாது என்பதே உடலியல் சொல்லும் பதில்.

காலாட்கள் போனதும் குதிரைகளைக் காக்கும் சுவர் போயிற்று. குதிரைகள் விழ விழ, கவசத்தோடு வீரர்கள் தரையில் நின்றார்கள். ரேமோன் பாய்ந்தபோது சலாவுதீனின் அண்ணன் மகன் தகியுத்தீன் வரிசையைத் திறந்து வழிவிட்டார். ரேமோன் தப்பியும் படைக்குப் பயனில்லாமல் போனது. மற்றவர்கள் கொம்பின் உச்சியில் அரசனின் செங்கூடாரத்தைச் சுற்றி நின்று கீழ்நோக்கிப் பாய்ந்தார்கள், மீண்டும் பாய்ந்தார்கள். அருகிலிருந்து பார்த்த சலாவுதீனின் மகன் அல் அஃப்தல், தந்தை பதற்றத்தில் தாடியைப் பற்றிக்கொண்டதைச் சொல்லியிருக்கிறார். கூடாரம் சாய்ந்ததும் போர் முடிந்தது. மேலே ஏறிய சலாவுதீனின் வீரர்கள் உச்சியில் இருந்தோரைத் தரையில் கிடக்கக் கண்டார்கள். பலருக்கு வாளை நீட்டவும் தெம்பில்லை. ஓராண்டுக்குப் பின் அவ்வழியே போன இப்னு அல் அதீர், எலும்புகள் குவியலாகவும் சிதறியும் கிடந்ததைப் பார்த்து எழுதினார்.

சலாவுதீன் தன் கூடாரத்தில் கீக்குப் பனி கலந்த குளிர்பானம் கொடுத்தார். கீ குடித்துவிட்டு, அமைதி ஒப்பந்தக் காலத்தில் வணிகக் குழுவைக் கொள்ளையடித்திருந்த சிலுவைப் பிரபு ரெய்னால்ட் கையில் கோப்பையைக் கொடுத்தான். இவனுக்கு நான் கொடுக்கவில்லை என்றார் சலாவுதீன். விருந்தோம்பலில் நீர் பெற்ற கைதியைக் கொல்லக் கூடாது என்பது அரபு மரபு. ரெய்னால்ட் அங்கேயே வெட்டப்பட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்த இங்கிலாந்து அரசன் ரிச்சர்ட் இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தவன்போல் நடந்துகொண்டான். 1191 ஆகஸ்டில் பாலஸ்தீனக் கடற்கரையின் ஆக்கர் துறைமுகத்திலிருந்து யாஃபாவுக்குக் கடலை ஒட்டியே போனான். உணவும் பொருள்களும் கப்பலில் கூடவே வந்தன. காலையில் மட்டும் குறைந்த தூரம் நடந்து, ஆறு கடலில் கலக்கும் இடங்களில் தங்கினான். சலாவுதீன் அதே வில்லாளிகளை அனுப்பினார். முதுகில் ஒன்றிலிருந்து பத்து அம்புகள் வரை தைத்தபடியே வரிசை குலையாமல் நடந்த காலாட்களைத் தாமே கண்டதாக அவரது அலுவலர் பஹாவுத்தீன் பதிவு செய்திருக்கிறார். அங்கியும் கவசமும் ஹத்தீனில் இருந்தவைதான். இந்த முறை உள்ளே இருந்த உடலில் தண்ணீர் இருந்தது.

1192 கோடையில் ரிச்சர்ட் ஜெருசலேமுக்கு ஒரு நாள் நடைத் தொலைவில், பைத் நூபாவில் நின்றான். நகரைச் சுற்றியிருந்த கிணறுகளையும் தொட்டிகளையும் சலாவுதீன் முன்பே பாழாக்கியிருந்தார். ஆலோசனையில், எங்கே தண்ணீர் குடிப்பது என்று ரிச்சர்ட் கேட்டதை பஹாவுத்தீன் எழுதுகிறார். தெக்கோவா ஓடை இருக்கிறது, படையில் பாதி குதிரைகளை அங்கே ஓட்டிப் போகட்டும், மறுபாதி நகரை முற்றுகையிடட்டும் என்றார்கள். பாதிப்படை தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து உள்ளிருப்போர் வெளியே பாய்ந்தால் மிச்சமிருப்பவர்கள் கதி என்ன என்று கேட்டான் ரிச்சர்ட். யாரிடமும் பதில் இல்லை. ஜூலைத் தொடக்கத்தில் படை கடற்கரைக்குத் திரும்பியது. செப்டம்பரில் இரு தரப்பும் மூன்று ஆண்டு எட்டு மாதங்களுக்குப் போர்நிறுத்தம் செய்துகொண்டன.