வெள்ளை ஈக்குள் ஒரு செடியின் மரபணு

2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கத் தென்னைகளில் ஒரு புது வெள்ளை ஈ தென்பட்டது. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோப்பு ஓலையைத் திருப்பினால், அடியில் கோலமாவால் சுழித்தது போல வட்டவட்டமாக வெள்ளைப் பூச்சு. அந்தச் சுழிக்குள்தான் முட்டை. ஈ கழிக்கும் தேன்போன்ற திரவம் வழிந்து, கீழ் ஓலையெல்லாம் கரும்பூசணம் பிடித்திருந்தது. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டிலிருந்து 2004-இல் விவரிக்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ அது.

இன்ன இனம் என்று உறுதிசெய்ய, சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு பெரும்பாலும் போதும். ஆனால் அந்த ஈயை எங்கே அடித்தால் விழும் என்று அறிய அதன் மரபணுத்தொகை, அதாவது டிஎன்ஏ முழுவதும், வேண்டும். கணினி உயிரியலாளரான என் வேலை அங்கே தொடங்குகிறது.

டிஎன்ஏவை வாசிக்கும் கருவி அதை ஒரே மூச்சில் வாசிக்காது. துண்டு துண்டாகத்தான் தரும். ஒரு பேருந்துத் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் ‘வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்’. இன்னொன்றில் ‘கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு’. பொது ஊர்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் முழுத் தடமும் கிடைத்துவிடும். சரி, ஊருக்கு ஊர் ‘மாரியம்மன் கோயில்’ நிறுத்தம் இருந்தால்? எது எந்த ஊர்க் கோயில் என்று குழம்பிவிடும். பூச்சிகளின் டிஎன்ஏவில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் ஏராளம். என் நாளில் பாதி அதிலேயே போய்விடும். கோயிலுக்கு முன்னும் பின்னும் உள்ள ஊர்களைச் சேர்த்தே வாசித்த நீளமான துண்டு கிடைத்தால்தான் சிக்கல் அவிழும்.

பருத்தி, தக்காளியைத் தாக்கும் உறவுக்கார வெள்ளை ஈக்கு இந்த வேலை 2016-இல் முடிந்தது: 61.5 கோடி எழுத்துகள், 15,664 மரபணுக்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் மற்ற உயிர்களின் மரபணுக்களோடு ஒப்பிடுவோம். பூச்சியுடையது பூச்சிகளோடுதான் ஒத்துப்போக வேண்டும். அதில் ஒன்று செடிகளோடு ஒத்துப்போனது! செடியின் நஞ்சை முறிக்கும் மரபணு, ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் செடியிலிருந்து ஈக்குள் புகுந்தது. சீன ஆய்வாளர்கள் 2021-இல் இதை வெளியிட்டார்கள். அந்த மரபணுவை முடக்கும் ஆர்என்ஏ என்ற மூலக்கூறைத் தக்காளிச் செடியே உருவாக்கும்படி செய்தார்கள். சாறு உறிஞ்சிய ஈக்கள் செத்தன.

பூச்சிமருந்துக்கு இந்தக் குறி தெரியாது. தென்னை ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளரும் என்கார்சியா குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும். அப்பா ஒருநாள் தெளிப்பானைத் தோளில் மாட்டியபோது, ஓலையில் கருத்துப்போயிருந்த ஓர் இளம் ஈயின் கூட்டைக் காட்டினேன். குண்டூசியால் குத்திய மாதிரி அதில் ஒரு வட்டத் துளை.

“ஈ வந்திருந்தா ஓடு கிழிஞ்சிருக்கும்ப்பா. இது வட்டம். குளவி வந்த வழி.”

அப்பா தெளிப்பானைக் கழற்றிவிட்டு, அடுத்த ஓலையைத் திருப்பினார்.