தாய்லாந்து - கம்போடியா: கோயில் சண்டையா, வரைபடச் சண்டையா?

2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் ஐந்து நாள் குண்டு வீசிக்கொண்டபோது, "சிவன் கோயிலுக்காக இரண்டு பௌத்த நாடுகள் மோதல்" என்கிற ரீதியில் வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றின. பகைக்குக் காரணம் பக்தி இல்லை. எல்லைத் தகராறு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன், இது வரைபடத்தில் பிறந்த தகராறு.

கம்போடியா பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம். தாங்ரெக் மலைத்தொடரில் நீர்பிரி முகடுதான் எல்லை என்று 1904இல் சயாமும் (இன்றைய தாய்லாந்து) பிரான்சும் ஒப்பந்தம் போட்டன. மழைநீர் வடக்கே வழிந்தால் சயாம், தெற்கே வழிந்தால் கம்போடியா. படம் வரையும் வசதி தன்னிடம் இல்லாததால், அந்த வேலையைச் சயாம் பிரெஞ்சு அதிகாரிகளிடமே விட்டது. 1907இல் பாரிசில் அச்சான படம், முகட்டின் மேலிருக்கும் ப்ரே விஹியர் என்ற பழைய சிவன் கோயிலைக் கம்போடியாவுக்குள் காட்டியது. அந்தக் கோயில் 500 மீட்டருக்கு மேல் உயரமான பாறை விளிம்பில் நிற்கிறது. அதன் படிகள் வடக்கே தாய்லாந்துப் பக்கம் இறங்குகின்றன. தெற்கே செங்குத்துப் பள்ளம். இடத்தைப் பார்த்த யாரும் அதைத் தாய்லாந்துடையது என்றுதான் நினைப்பார்கள்.

படம் 1908இல் பாங்காக் வந்து சேர்ந்தது. உள்துறை அமைச்சர் இளவரசர் தம்ரோங் நன்றி சொன்னதோடு, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 பிரதி கேட்டார். 1930இல் அவரே கோயிலுக்குப் போனார். பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரி அவரை வரவேற்றார். சயாம் ஆட்சேபிக்கவில்லை. 1934-35இல் தானே அளந்து பார்த்து, படத்தின் எல்லைக்கோடும் உண்மையான முகடும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்துகொண்டது. அப்புறமும் பழைய எல்லைக்கோட்டையே தன் படங்களில் போட்டுவந்தது.

1962 ஜூன் 15 அன்று சர்வதேச நீதிமன்றம் 9-3 என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்கே என்றது. உண்மையான முகடு எங்கே என்று ஆராயவே தேவையில்லை, படத்தை ஏற்றுக்கொண்டு இத்தனை காலம் பேசாமல் இருந்ததே போதும் என்பது தீர்ப்பின் சாரம். சர்வே படம் கைக்கு வந்ததும் தப்பிருந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள் என்று கட்சிக்காரர்களிடம் நான் நச்சரிப்பதும் இதனால்தான்.

ஆனால் தாய்லாந்து மக்களின் குமுறலையும் நான் ஒதுக்கமாட்டேன். 1893இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாங்காக் வரை வந்து மிரட்டி நிலம் பிடுங்கியிருந்தன. அப்படிப்பட்ட வல்லரசின் முன்னால் சிறிய நாடு எவ்வளவு துணிந்து பேசியிருக்க முடியும்?

2008இல் யுனெஸ்கோ அந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் துப்பாக்கிச் சண்டை தொடங்கி, 2011 வரை விட்டுவிட்டு நடந்தது. 2013இல் நீதிமன்றம் தந்த விளக்கம் கோயில் நிற்கும் மேட்டோடு நின்றுவிட்டது. சுமார் 800 கிலோமீட்டர் எல்லையில் மற்ற இடங்களுக்குக் கம்போடியா பிரெஞ்சுக்காரர்களின் 1:2,00,000 படத்தைக் (ஒரு செ.மீ. = 2 கி.மீ.) காட்டுகிறது. தாய்லாந்து தன் 1:50,000 படத்தைக் (ஒரு செ.மீ. = அரை கி.மீ.) காட்டுகிறது. 2025இல் மோதல் வெடித்த தா முயென் தோம் என்ற இன்னொரு எல்லைக் கோயில் பகுதியிலும் இதே இழுபறிதான். அந்தச் சண்டையில் இரு பக்கமும் சேர்த்து மூன்று லட்சம் பேர் வரை வீட்டை விட்டு ஓடினார்கள். அடுத்த முறை 'அத்துமீறல்' என்ற செய்தியோடு ஒரு படம் வந்தால், பகிரும் முன் அது எந்த நாட்டுப் படம் என்று பாருங்கள்.